நடுங்கும் முள்

நிற்கும்போது லாரியில் ஒரு குறையும் தெரியவில்லை. மாமனாருக்கு அதுதான் எரிச்சல்.

"பாரு, பரம சாது மாதிரி நிக்குது. ரோட்ல ஏறட்டும், பேய் பிடிச்சுக்கும்" என்றார், மருமகளின் கடை வாசலில் சாவியைச் சுழற்றியபடி.

இருபத்தாறு வருஷத்து லாரி. ஒரு மாதமாக இதே கூத்து. ஓட்டத்தில் திடீரென்று, பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் முள் பூஜ்யத்துக்கு விழும். பஸ்ஸர் ஒப்பாரி வைக்கும். பிரேக்கை மிதித்தால் பின் விளக்குகள் கண் சிமிட்டும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், ஒரு தடவை பிடிக்கும், மறு தடவை கைவிரிக்கும். தகுதிச் சோதனையில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று மதியம் மூன்று மணிதான் கடைசி. அதிலும் தேறாவிட்டால், நாளைக் காலை பழைய இரும்புக்காரர் வந்து பார்க்கட்டும் என்று மாமனாரே சொல்லி வைத்திருந்தார். சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கியாயிற்று. ஒருவர் மீட்டரை மாற்றினார். இன்னொருவர் பிரேக் வால்வை மாற்றினார். மூன்றாமவர் சுற்றிச் சுற்றி வந்து, "வயசாயிடுச்சு" என்றார். லாரிக்கா, ஓட்டுகிறவருக்கா என்று சொல்லவில்லை.

மருமகளை அந்த வட்டாரத்தில் 'ஒயர்க்காரம்மா' என்பார்கள். வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் கடை வைத்து ஐந்து வருஷம். பஸ், டிராக்டர் எல்லாம் வரிசை கட்டும். மாமனாரின் லாரி மட்டும் தெரு முனையில் வேறு பக்கம் திரும்பிவிடும். "ஸ்கூட்டருக்குச் சரி. லாரி வேற சமாச்சாரம்" என்று அவர் யாரிடமோ சொன்னது அவள் காதுக்கு வந்திருந்தது. அது உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டேதான் இருந்தது.

"மதியம் வரைக்கும் டைம் இருக்கு. முடியுமாம்மா?"

"பாத்துடலாம் மாமா."

முதலில் காற்று டாங்கியில் தனியாக ஒரு காற்று மீட்டரை மாட்டிப் பார்த்தாள். காற்று நிறைவாக இருந்தது, கசிவும் இல்லை. பிறகு மின்னழுத்தம் பார்க்கும் சோதனை மீட்டரின் ஒரு ஒயரை டாஷ்போர்டு இரும்பிலும், இன்னொன்றைத் தரை ஓட்டை வழியாக இறக்கிக் கீழே சேஸ் என்கிற அடிச்சட்டத்திலும் மாட்டினாள். மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க."

"எங்க?"

"நல்ல பள்ளமா இருக்கற ரோடா பாத்து."

"ஊரே பள்ளத்தப் பாத்து ஒதுங்குது. நீ தேடிப் போகச் சொல்ற."

"நிக்கிற வண்டி வாயத் திறக்காது மாமா. லைட்டு, வைப்பர் எல்லாத்தையும் போடுங்க, கரண்ட் நெறய ஓடினாத்தான் குறை தெரியும்."

கொளுத்தும் வெயிலில் வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனது. டீக்கடையில் நின்றவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மாமனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

முதல் பள்ளத்தில் கேபின் ஒரு குலுங்கு குலுங்கியது. அவள் மடியில் பூஜ்யத்தில் கிடந்த மீட்டர் நாலு வோல்ட்டுக்குத் தாவியது. அதே நொடியில் காற்று முள் விழுந்தது. பஸ்ஸர் அலறியது.

"போச்சு, காத்து போச்சு" என்றார் மாமனார்.

"மிதிங்க மாமா. நிக்குதா?"

மிதித்தார். வண்டி கச்சிதமாக நின்றது.

"நிக்குது."

"காத்து இருக்கு. முள்ளுதான் புளுகுது. கேபினுக்குப் போற கரண்ட் திரும்பி வரணும்ல? அந்த எர்த் வழி எங்கயோ அடைஞ்சிருக்கு. முள்ளு விழறது, லைட்டு சிமிட்டறது, எக்ஸாஸ்ட் பிரேக் ஏமாத்தறது, எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் காரணம்."

கடைக்குத் திரும்பியதும் லாரிக்கு அடியில் புகுந்தாள். கேபினையும் சேஸையும் இணைக்கும் பட்டை ஒயர் கைக்குக் கிடைத்தது. அதன் போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். அடியில் பளபளவென்று சாம்பல் நிறப் பெயின்ட்.

அந்தப் பெயின்டை அவளுக்குத் தெரியும். சோதனைக்கு முன்னால் வருஷா வருஷம் மாமனார் தன் கையால் சேஸுக்குப் பெயின்ட் அடிப்பார். மற்றவர்கள் போல மேலோட்டமாகத் தீற்றுகிறவர் இல்லை. போல்ட்டைக் கழற்றி, அடியில் பூசி, காயவிட்டு, மாட்டி, தலையிலும் பூசுவார். லாரிக்காரர்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். இந்த வருஷம் எர்த் போல்ட்டையும் விட்டு வைக்கவில்லை. அரைகுறையாக அடித்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

சொல்வதா, வேண்டாமா? சத்தமில்லாமல் சுரண்டி முடுக்கிவிட்டால் அவர் மனம் நோகாது. ஆனால் அடுத்த வருஷம் மறுபடியும் பூசுவார். இரண்டு நிமிஷம் மல்லாந்து கிடந்தாள்.

"மாமா, கொஞ்சம் கீழ வாங்க."

அவர் முனகிக்கொண்டே பக்கத்தில் வந்து படுத்தார். அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். மறுபடி பெயின்டைப் பார்த்தார்.

"ரெண்டு கோட்டு அடிச்சேன்" என்றார் கடைசியில்.

"தெரியும் மாமா. பெயின்ட் மேல கரண்ட் நடக்காது. நிக்கும்போது போல்ட்டு மரையோரமா ஒட்டிக்கும், குலுங்கினா விட்டுடும்."

"மூணு கடைக்காரனும் கண்டுபிடிக்கலயே?"

"மூணு பேரும் மேலயே பாத்தாங்க. முதுக அழுக்காக்கல."

மாமனார் ஒருக்களித்துப் படுத்தார். பிறகு கையை நீட்டினார். "அந்த உப்புத்தாள இப்படிக் குடு. நான் போட்டத நானே எடுக்கறேன்."

இரும்பு வெள்ளியாய் மின்னும் வரை தேய்த்தார். அவள் பட்டையை வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினாள். மறுபடி அதே பள்ளம், அதே வைப்பர். மீட்டர் அசையவில்லை. காற்று முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. இந்த முறை டீக்கடைக்காரர்களைப் பார்த்து மாமனாரே கையை ஆட்டினார்.

இரண்டரை மணிக்குச் சோதனைக் களத்தில் இருந்தார்கள். சோதனை அதிகாரி பிரேக்கை நான்கு தரம் மிதிக்கச் சொன்னார். விளக்குகள் சிமிட்டவில்லை. எக்ஸாஸ்ட் பிரேக் கப்பென்று பிடித்தது. டார்ச்சோடு குனிந்தவர், "பெரியவரே, எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. இந்த ஒரு இடத்துல மட்டும் பெயின்ட் விட்டுப்போச்சே?" என்றார்.

"விட்டுப்போகல சார். அங்க அடிக்கக் கூடாதுன்னு எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்காங்க."

"யாரு அது?"

"அந்தா நிக்கிறாங்களே, அவங்கதான். எங்க மருமக."

அதிகாரி சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஆபீஸ் ஜீப்லயும் முள்ளு ஆடுதும்மா. யாருக்கும் பிடிபடல. இங்கயே கொஞ்சம் பாக்க முடியுமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"பாப்பாங்க சார். ஆனா கடைக்குக் கொண்டு வரணும். அங்க வரிசை இருக்கு."

மருமகள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.