ஆறாத வாளி

வெந்நீர் வைத்தவன் செத்து மூன்று குளிர்காலம் கடந்தும் அந்த வாளித் தண்ணீர் ஆறவில்லை. குளியலறை மூலையில், ஓரம் உடைந்த நீல பிளாஸ்டிக் வாளியில், கை விட்டால் இதமாக இருக்கிற சூட்டில் அப்படியே நின்றது. ஆவியாகிக் குறையவும் இல்லை.

அவன் மனைவி மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கிறவள். தெருவில் அவளுக்கு லேப்காரி என்றுதான் பெயர். அன்றைக்கு அவள் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் சுட வைத்து, பதமாக விளாவி வாளியில் வைத்திருக்கிறான். சோப்பு தீர்ந்திருப்பது அப்புறம்தான் கண்ணில் பட்டிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடியவனைத் தெருமுனையில் ஒரு லாரி அடித்துப் போட்டது. வீட்டுக்கு வந்தவள் வாளியில் கை வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கதவைத் தட்டினார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகும் தண்ணீர் சூடாகவே இருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் லேசில் சூடேறாது, ஏறிய சூட்டை லேசில் விடவும் விடாது என்பது அவள் படித்த படிப்பு. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீராக இருப்பதால்தான் வெயிலிலும் பனியிலும் உள்ளே ஒரே சூடு நிற்கிறது. அந்தச் சூடு ரொம்ப இறங்கிவிட்டால் உள்ளே வேலை பார்க்கிற நொதிகளெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சரி, கொஞ்சம் மெதுவாக ஆறுகிறது என்று நினைத்தாள். மாதங்கள் போன பிறகு ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லாத மனுஷனின் சூடு காட்டியது. அன்றிலிருந்து வாளியில் துளி தெறிக்காமல் ஒதுங்கி நின்று பச்சைத் தண்ணீரில் குளித்தாள்.

தெருவில் கொஞ்ச நாள் அதுவே பேச்சாக இருந்தது. குழாய் ரிப்பேர்காரன் வந்து, அடியில் ஏதாவது மின்கம்பி ஓடுகிறதா என்று வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். பிறகு எல்லாருக்கும் பழகிவிட்டது.

பழகாதவள் மாமியார் ஒருத்திதான். அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்து குளியலறை வாசலில் நிற்பாள்.

"ஒரு சொம்பு குடும்மா. மூஞ்சி மட்டும் கழுவிக்கிறேன்."

"வேண்டாம் அத்தை. எடுத்தா ஆறிடும்."

"நான் பெத்தவடி."

"அவர் எனக்குத்தான் வெச்சுட்டுப் போனார்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. மருமகளும் போய்க் கூப்பிடவில்லை.

நான்காவது குளிர்காலத்தில் மாமியாரின் ரத்தம் ஒரு சின்னக் குழாயில் லேபுக்கு வந்தது. சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்பது மருமகளுக்கு டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்துபோனது. இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொன்ன பிறகு, வீட்டுக்கு அழைத்துவந்து தன் கட்டிலில் படுக்க வைத்தாள். கிழவியின் கால் கல்லாகச் சில்லிட்டிருந்தது. இருக்கிற கம்பளியெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

"உள்ள குளுருதும்மா" என்றாள். வாளியைக் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததைத்தான் மருமகளால் தாங்க முடியவில்லை.

குளியலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தலையிலிருந்து மெல்ல ஊற்றினாள். முதல் சொம்புக்கே நடுக்கம் நின்றது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "சூடு பதமா வெச்சிருக்கான்" என்றாள். மருமகள் அடுத்த சொம்பை மொண்டாள். அழுதுகொண்டே ஊற்றினாள். கடைசியில் வாளியைக் கவிழ்த்து, அடியில் கிடந்ததையும் கிழவியின் பாதத்தில் விட்டாள்.

மறுநாள் மாமியார் இறந்துபோனாள். டாக்டர் வந்து பார்த்தார். நாடி இல்லை, மூச்சு இல்லை, உடம்பு மட்டும் சுடுகிறது. சாயங்காலம் வருகிறேன் என்று போனார். சாயங்காலமும் சுட்டது. அடுத்த நாளும் சுட்டது.

"அது இவங்க சூடு இல்ல டாக்டர்," என்றாள் மருமகள். "இவங்க பிள்ளையோடது."

அதே தெருவில் குடியிருந்தவர் என்பதால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார். தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போல இருந்தது என்று பெட்டி சுமந்தவர்கள் சொன்னார்கள்.

இப்போது அந்தக் கல்லறைமேல் பனி விழுந்தால் நிற்பதில்லை. குளிர்காலம் முழுக்கத் தெருநாய்கள் அங்கேதான் படுக்கின்றன, காவல்காரன் விரட்டுவதில்லை. விடுமுறை நாட்களில் லேப்காரி வருகிறாள். நாய்கள் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கும் இடம் விடுகின்றன.