சம்பந்தியின் முழங்காலுக்காக நான் வாதாடியது

எல்லோரும் சௌக்கியம்தானே? சளி, இருமல், முதுகுவலி ஒன்றும் இல்லையே? இருந்தாலும் பரவாயில்லை, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வயிறுதான் எரிகிறது. ஏன் என்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் தெருமுனையில் பல்கலைக்கழகத்தின் கொள்கைப் பள்ளி இருக்கிறது. அரசாங்கம் எதை எப்படிச் செய்தால் ஜனங்களுக்கு நல்லது என்று சொல்லிக்கொடுக்கிற இடம். பொது உரை, பட்டறை, கலை நிகழ்ச்சி என்று வாரம் தவறாமல் ஏதாவது நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நான் ஒன்றையும் விடமாட்டேன். குடிநீர் வரியைப் பற்றிப் பேசினாலும் போவேன், பேருந்துத் தடத்தைப் பற்றிப் பேசினாலும் போவேன். கேள்வி நேரத்தில் எழுந்து மைக்கை வாங்குவேன். நான் விஷயத்துக்கு வருவதற்குள் "கேள்வி என்னம்மா?" என்று கேட்டுப் பிடுங்கிவிடுவார்கள்.

அந்தப் பள்ளியின் கீழ்த்தளத்தில் மரத்தரை போட்ட பெரிய அறை ஒன்று. மற்ற நாளெல்லாம் வகுப்பு, ஞாயிறு பூட்டு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அக்கம்பக்கத்துக் குழு ஒன்றுக்குச் சும்மா தருவார்கள். அது எங்கள் பாட்டுக் குழுவிடம்தான் இருந்தது. நான் இருப்பது மகன் வீட்டில். மூன்றாவது மாடி, அட்டை மாதிரி சுவர். பாத்திரம் தேய்க்கும்போது ஒரு வரி முனகினால் போதும், மருமகள் வந்து நிற்பாள். "அத்தை, மெதுவா. கீழ்வீட்டுல கேக்குது." எனக்குத் தொண்டை கொஞ்சம் பெரிசு, என்ன செய்ய? வாயை முழுசாகத் திறக்க உலகத்திலேயே எனக்கு இருந்த இடம் அந்த அறை ஒன்றுதான்.

அதற்குத்தான் உலை வைத்தாள் சம்பந்தி. என் மருமகளைப் பெற்றவள், அடுத்த தெருக்காரி. முகத்துக்கு நேரே "வாங்க சம்பந்தி" என்பேன், இங்கே எழுதும்போது அவள், இவள்தான். கல்யாணத்தின்போது, "மைக் செட்டு எதுக்கு, அதான் மாப்பிள்ளையோட அம்மா இருக்காங்களே" என்று பந்தியிலேயே சொன்ன மகராசி. மூட்டுவலிக்காரப் பெண்களைச் சேர்த்து உடற்பயிற்சி வகுப்பு நடத்தப்போகிறாளாம், அந்த அறை வேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டாள்.

சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். படித்தவர்கள் இல்லையா? அந்த அறையிலேயே ஒரு பட்டறை வைத்தார்கள். அதை நடத்தியவள் சுருட்டைமுடி ஆசிரியை ஒருத்தி.

"ரெண்டு பக்கத்துலேந்தும் ஒருத்தர் பேசணும். ஆனா உங்களுக்காக இல்ல, எதிர்ப்பக்கத்துக்காக வாதாடணும்" என்றாள். "பாட்டுக் குழு ஏன் வேணும்னு உடற்பயிற்சிக்காரங்க சொல்லணும். உடற்பயிற்சி ஏன் வேணும்னு பாட்டுக் குழு சொல்லணும். அடுத்தவங்க கஷ்டம் புரிஞ்சா கோபம் தன்னால குறையும்."

வந்திருப்பவர்கள் கையில் ஆளுக்கொரு நீல அட்டையும் மஞ்சள் அட்டையும். பாட்டுக்கு நீலம், பயிற்சிக்கு மஞ்சள். எந்தப் பக்கத்து நியாயம் மனசில் பட்டதோ அந்த அட்டையைத் தூக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கும் அவள் ஆட்களுக்கும் ஓட்டு கிடையாது.

எங்கள் குழுவில் மூத்தவள் தபால் அக்கா. தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவள், இப்போது தாளம் போடுகிறாள். என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"இத பாரு. நீ நல்லாப் பேசினா அவங்க ஜெயிப்பாங்க. போய் சொதப்பிட்டு வா, போதும்."

"சொதப்பறதுதானே? அதுகூடவா தெரியாது எனக்கு?"

"உன் வாயை நம்பித்தான் பயமா இருக்கு."

முதலில் சம்பந்தி. சுவரைப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள். கண்ணாடியைத் துடைத்தாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள். தேன் ஒழுகும் குரலில் ஆரம்பித்தாள்.

"எங்க சம்பந்தியம்மாவுக்கு இந்த ஹாலைக் கண்டிப்பாக் குடுக்கணும். ஏன்னா, இங்க பாடலேன்னா அவங்க வீட்டுல பாடுவாங்க. என் பொண்ணு அந்த வீட்டுலதான் இருக்கா. ஒரு தாயோட வேண்டுகோளா எடுத்துக்குங்க."

சிரிப்பு.

"மழைக்கு ஒதுங்கின புறாகூட அவங்க இழுக்கற இழுப்பைக் கேட்டா, மழையே தேவலைன்னு பறந்துடும். இது நல்ல கெட்டிச் சுவர். உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டா ஊரே நிம்மதியா இருக்கும். பொதுநலம் பொதுநலம்னு இதைத்தானே நீங்க இங்க சொல்லித் தர்றீங்க?"

அறையே குலுங்கியது. சுருட்டைமுடி காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். எங்கள் தபால் அக்காவும் சிரித்தாள், நான் பார்த்தேன். சொல்வதைச் சொல்ல வேண்டும், கெட்டிக்காரி அவள். எனக்காகவே பேசுகிற மாதிரி என் மானத்தை வாங்கிவிட்டு இறங்கினாள்.

நான் என்ன திட்டம் போட்டிருந்தேன் தெரியுமா? "முட்டி வலி, ஹால் வேணும், நன்றி." இவ்வளவுதான் பேச்சு. மேடைக்குப் போகும்போது அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இரைந்துகொண்டிருந்தது. சும்மா விடுவேனா?

"எங்க சம்பந்திக்கு முட்டி வலி. நம்ப மாட்டீங்க. இருங்க, நடந்தே காட்டறேன்."

மேடைப் படியில் இறங்கி மறுபடி ஏறினேன். அவள் ஏறுகிற மாதிரியே. ஒரு கை சுவரில், ஒரு கை தொடையில். ஒரே படியில் இரண்டு காலையும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு நிறுத்தம். நிறுத்திவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"போன்ல என்ன பாக்கறாங்க தெரியுமா? ஒண்ணும் இல்ல. யாரும் கூப்பிடல. மூச்சு வாங்கறது வெளிய தெரியக்கூடாதே, அதுக்கு."

சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. நான் கவனிக்கவில்லை.

"எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இவங்க வந்தா மேல வரமாட்டாங்க, கீழ கேட் பக்கத்துல நின்னு பொண்ணைக் கூப்பிடுவாங்க. நான் வேணும்னே எட்டிப் பார்த்து, 'மேல வாங்க சம்பந்தி'ம்பேன். 'அவசரமாப் போகணும்'பாங்க. எங்க போவாங்க? அங்கயேதான் நிப்பாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், கேலிதான் செய்தேன். ஆனால் இரண்டாவது வரிசையில் ஒரு பெண் குனிந்து தன் முட்டியைத் தடவிக்கொண்டாள். ஒருத்தர்கூட இருமவில்லை. நாற்காலி கிறீச்சிடவில்லை. நான் பேசும்போது ஒரு கூட்டம் அப்படி வாயடைத்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மைக்கைப் பிடுங்க யாரும் வரவில்லை. தபால் அக்கா பின்னாலிருந்து, போதும் போதும் என்று கையை ஆட்டினாள். பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

"இவங்க பொண்ணு பிள்ளை பெத்து ஆஸ்பத்திரியிலேந்து எங்க வீட்டுக்கு வந்தப்போ, குழந்தையைக் கீழ தூக்கிட்டு வந்துதான் காட்டினா" என்றேன். எங்கே குரலை இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? இறக்கினேன். "தொட்டில் எந்தப் பக்கம் போட்டிருந்ததுன்னு இவங்களுக்குத் தெரியாது. பெத்த பொண்ணு படுக்கற அறையை இவங்க பார்த்ததே இல்ல. மாடி ஏற முடியாதவங்களுக்குன்னு கீழ்த்தளத்துல ஒரே ஒரு ஹால் இருக்கு. அதையும் எங்களை மாதிரி பாடறவங்களுக்குக் குடுத்துட்டா, இவங்க எங்க போவாங்க?"

கைதட்டல். எழுந்து நின்றுகூடச் சிலர் தட்டினார்கள். அப்புறம் அட்டைகள் எழும்பின. மஞ்சள், மஞ்சள், பார்த்த பக்கமெல்லாம் மஞ்சள். நீலம் அங்கொன்றும் இங்கொன்றும். சந்தோஷத்தில் நானும் கை தட்டிக்கொண்டிருந்தேன். தட்டிய கை பாதியில் நின்றது. அறை போய்விட்டது.

வராந்தாவில் சம்பந்தி வழியை மறித்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், பைத்தியக்காரி நான்.

"என் காலை ஊருக்கே கடை பரப்பிட்டீங்க இல்ல?"

"ஹால் கிடைச்சுதுல்ல? நடையைக் கட்டுங்க."

"பொண்ணு ரூமைப் பாக்கலைன்னு உங்ககிட்ட வந்து நான் அழுதேனா?"

"அழணுமா? எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"இனிமே உங்க வீட்டு வாசலை மிதிச்சா என்னை ஏன்னு கேளுங்க."

"வாசல் வரைக்கும்தானே எப்பவும் வருவீங்க!"

அவள் திரும்பிக்கொண்டாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் சுவரைத் தொடாமல், நிமிர்ந்து நடந்து போனாள். எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நன்றாக வலிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

பின்னாலேயே தபால் அக்கா. "நீ எங்களுக்காகப் போனியா, கைதட்டலுக்காகப் போனியா?"

"சொதப்பத்தான் அக்கா போனேன்."

"அதான் நல்லாவே சொதப்பிட்டியே."

சுருட்டைமுடி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிரமாதம்மா! எதிர்ப்பக்கத்தை இப்படி உள்ள போய்ப் புரிஞ்சுக்கிட்டவங்களை நான் பார்த்ததே இல்ல. எங்க பசங்களுக்கு நீங்க வந்து ஒரு நாள் பேசணும்."

"புரிஞ்சுதாம், புண்ணாக்காம்! ஹாலைத் திருப்பிக் குடு, வர்றேன்."

"அது ஓட்டுல முடிவாயிடுச்சேம்மா."

"அப்போ உன் பட்டறையை நீயே வச்சுக்கோ."

இப்போது நிலவரம் இதுதான். மருமகள் என்னோடு பேசுவதில்லை. "எங்கம்மாவை நாலு பேர் முன்னாடி நொண்டி நொண்டிக் காட்டினவங்க" என்று போனில் யாரிடமோ சொல்கிறாள், எனக்குக் கேட்கட்டும் என்றே சொல்கிறாள். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்கிறான் மகன். பாட்டுக் குழு கலைந்துவிட்டது. தபால் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? உடற்பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கும் ரொம்ப நாளாக முட்டி வலியாம். சம்பந்திக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொள்கிறாளாம்.

நான் வாய் திறக்க இடமில்லாமல் இங்கே போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். விட்டுக்கொடுத்துப் போ, சமாதானமாகப் போ என்று யாரும் புத்தி சொல்ல வராதீர்கள், அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. உங்களைக் கண்டாலே ஆகாத ஒருத்தருக்காக நீங்கள் வாதாடி, அவரை ஜெயிக்க வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறீர்களா? ஒரு கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டு உங்கள் வாயைப் பார்த்தபோது உங்களால் நிறுத்த முடிந்ததா? உள்ளது உள்ளபடி எழுதுங்கள். எத்தனை நீளமாக இருந்தாலும் படிப்பேன். இங்கே மைக்கைப் பிடுங்க ஆள் கிடையாது.