ஒன்றும் கலக்காத வைட்டமின்

கோதுமை பட்டால் மிதுலா சிறுத்துப்போவாள். நான்காம் வகுப்பு படிக்கிற பெண். அத்தை வீட்டில் ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். ஒரு சாண் குறைந்தாள். கல்யாண வீட்டு ரசத்தில் பெருங்காயம், பெருங்காயத்தில் கோதுமை மாவு, இன்னொரு சாண். "ஒரு வாய்ல என்ன ஆகிடப்போவுது?" என்றார்கள் உறவுக்காரர்கள். குறைந்த பிறகு, "பிள்ளைக்கு ஒழுங்கா சோறு போடுறதில்லையா?" என்று கேட்டதும் அவர்களேதான்.

இப்போது அவள் அப்பா திருமேனியின் சட்டைப் பையில் இருந்தாள்.

டாக்டர் அவளை நகைத் தராசில் நிறுத்தார்.

"வைட்டமின் குடுங்க, வளந்துடுவா. க்ளூட்டன், அதான் கோதுமைல இருக்கிற பசை, அது இல்லாததா பாத்து வாங்குங்க."

"எங்க கிடைக்கும் டாக்டர்?"

"கிடைச்சா எனக்கும் சொல்லுங்க."

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு பெரிய மருந்துக்கடை. திருமேனி ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார்.

"இதுல கோதுமை இருக்கா?"

"மாத்திரைல மருந்துதான் சார் இருக்கும்."

"மருந்தை எதை வச்சு ஒட்டியிருக்காங்க?"

விற்பவர் டப்பாவைப் பிடுங்கி வைத்தார். "உள்ள போய்க் கேளுங்க."

உள்ளே இன்னொரு மேஜை. அதே ஆள், வேறு சட்டை. "இன்னும் உள்ள" என்றார். அலமாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கால் வலித்த இடத்தில், அலமாரிகளுக்கு நடுவிலேயே, ஒரு டவுன் பஸ் நின்றது. ஏறினார்.

பக்கத்து இருக்கைக்காரர் சப்பாத்தியைப் பிய்த்துத் தின்றார். திருமேனி பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"நெஞ்சு வலியா?"

"பொண்ணு இருக்கா."

"ஓ. சப்பாத்தி சாப்பிடுவாளா?"

பஸ் குலுங்கியது. பையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. பிரித்துப் பார்த்தார். மொச்சைக் கொட்டை அளவுக்கு இருந்தாள்.

"அழாதப்பா. நனையுது" என்றாள்.

பஸ் இறக்கிவிட்ட கடைசி மேஜையிலும் அதே ஆள்தான். கேட்டவுடன் ஒரு புட்டியை எடுத்து வைத்தார். திருமேனி திறந்தார்.

"ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணும் இல்லன்னாதான் சார், க்ளூட்டனும் இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியும்."

மிதுலா பையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, அதுக்குள்ள மாவு இல்லல்ல?"

"இல்லம்மா."

"அப்ப நான் அங்க இருக்கேன்."

புட்டிக்குள் இறக்கிவிட்டார். அவள் கால் நீட்டிப் படுத்தாள். இப்படி அவள் பயமில்லாமல் படுத்து எத்தனை காலமாயிற்று! திருமேனிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவருக்கே அருவருப்பாகவும் இருந்தது.

பின்னால் ஒரு அம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"க்ளூட்டன் இல்லாதது இருக்குங்களா?"

"இருந்த ஒண்ணையும் இவரு எடுத்துட்டாரும்மா."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருமேனியிடம் காட்டினாள். கடுகளவு ஒருவன் கண்ணை மூடிக் கிடந்தான்.

"எம் பையன்தாங்க. காலேஜ் படிச்சான். கோதுமை ஆகாதுன்னா யாரும் நம்பலைங்க. உங்க பொண்ணு பக்கத்துல ஓரமா..."

திருமேனி அவனை வெகுநேரம் பார்த்தார். மிதுலாவும் புட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டாள்.

"பையன் மேல மாவு எதுவும் ஒட்டியிருக்கா?" என்று கேட்டார் திருமேனி.

அம்மாள் முந்தானையைத் தடவிப் பார்த்தாள். "தெரியலைங்க. பஸ்லதான் வந்தோம்."

திருமேனி புட்டியின் மூடியை இறுக்கித் திருகினார்.