கூட இருக்கிறவர்

காலை எட்டு மணிக்கு என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இப்போது குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியாது. மகள் பெயர் தெரியாது. நாடி பார்க்க மட்டும் தெரியும். எண்ணும்போது நான் வாயைத் திறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். ஒருநாள் அப்படி மூன்று தடவை ஆகி, அடுப்பில் பால் பொங்கி வழிந்து பாத்திரம் கருகிவிட்டது.

நான் லாரி ஓட்டியவன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் தங்கினால் அதிகம். மகளைப் பெற்றது, வளர்த்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அவள் பாடு. இப்போது நான் அவளுக்குத் தலைவாரிப் பின்னல் போடுகிறேன். பின்னல் கோணலாகத்தான் வரும். இதற்காவது எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் என் அக்கா வந்திருந்தாள். என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கறவளுக்கு எவனாவது அழுவானா? வாயக் கழுவு" என்றாள். நான் வாயே திறக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அவள் சொன்னதும் நியாயம்தானே. எதிரே உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறவளுக்காக எப்படி அழுவது? நான் கட்டிக்கொண்டவளோ தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள். 

"தொண்ணூத்தாறு" என்று கையை விட்டாள். "தூங்கவே இல்லையா?"

"இல்ல சிஸ்டர்."

கட்டிய மனைவியை சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் நாள் நாக்கு கூசியது. அதற்கு மட்டும்தான் அவள் திரும்பிப் பார்க்கிறாள், என்ன செய்ய?

இத்தனை நாளும் என்னைத்தான் நோயாளி என்று நினைத்திருந்தாள். இன்றைக்கு என்ன தோன்றியதோ, நோயாளிக்குத் துணையாக வந்தவன் என்று எடுத்துக்கொண்டு, "பேஷண்ட் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள்.

"சம்சாரம்."

"எத்தன நாளா முடியல?"

"மூணு வருஷமா."

"உங்கள அடையாளம் தெரியுதா அவங்களுக்கு?"

இல்லை என்று தலையாட்டும்போதே கண் நிறைந்துவிட்டது. என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, கையைப் பிடித்து, தலையணைகளும் போர்வைகளும் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள்.

"பேஷண்ட் முன்னாடி அழக்கூடாது, அவங்க பயந்துடுவாங்க. கூட இருக்கறவங்கள நாங்க துணி ரூமுக்குத்தான் அனுப்புவோம். எவ்வளவு நேரம் வேணாலும் ஆகட்டும். உங்க வீட்டம்மாவ நான் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்தினாள். நான் ஒரு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். எத்தனை பேரை இப்படி உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காவல் நின்றிருப்பாள்? வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. தலையணைக்குள்ளேயே சொன்னேன். நெஞ்சு லேசானது.

வாசலில் மணி அடித்தது. மறுபடியும் அடித்தது.

"யாரா இருந்தாலும் கொஞ்சம் இருங்க" என்று கதவுக்கு வெளியே அவள் குரல் அதட்டியது. "உள்ள ஒருத்தர் அழுதுட்டிருக்காரு."

மணி விடாமல் அடித்தது. கதவின் அடி இடுக்கில் அவள் பாதங்கள் தெரிந்தன. ஒன்றில் அவள் செருப்பு, மற்றதில் என்னுடையது. இரண்டும் அசையவே இல்லை.