ஊறல் அடங்காத வீடு

ஓமா நேப்பியருக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. பக்கத்தில் சாராயம் வடிக்கப் போடும் மக்காச்சோள ஊறல் பொங்கிக்கொண்டிருந்தால் மற்ற பெண்களைப் போலவே இருப்பாள். ஊறல் அடங்கினால் சற்று நேரத்தில் விரல்நுனிகள் நீலம் பாரித்து, பேச்சு இழுத்து, ஓடைக் கல்லைப் போல் சில்லிட்டுவிடுவாள். கெண்டக்கி மலைக்குள் டோரி ஓடையை ஒட்டிக் குடியிருக்கும் எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். இன்னார் வீட்டுக் கோவேறு கழுதை உதைக்கும், இன்னார் வீட்டுக் கிணறு கோடையில் வற்றும் என்று தெரிந்து வைத்திருப்பதைப் போல இதையும் தெரிந்து வைத்திருந்தோம்.

விஷக்காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போன ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில், ஏழாம் மாதத்திலேயே அவள் பிறந்துவிட்டாள். தாய் டெல்ஃபா சாராய வாடையே ஆகாதவள். அவளுடைய அப்பன் குடித்துவிட்டு உறைந்த ஓடையில் விழுந்து செத்தவன். வீட்டில் ஒரு சொட்டு இருக்காது என்று பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் ஆர்லிஸ் நேப்பியரைக் கட்டிக்கொண்டாள். குழந்தை ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது, அழவும் இல்லை. மருத்துவச்சி சின்டா அதைக் கம்பளியில் சுற்றிப் பார்த்தாள், அடுப்பருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு ஆர்லிஸிடம் திரும்பினாள்.

"போய் அதை எடுத்துட்டு வா."

"எதை?"

"லாயத்துல சாணக் குவியலுக்குள்ள பொதைச்சு வச்சிருக்கியே, அதை. நான் வர்றப்பவே வாடை மூக்கைத் தொளைச்சுது."

கட்டிலில் கிடந்த டெல்ஃபா கண்ணைத் திறந்தாள். "இருக்கா?" என்றாள்.

"ஒரு பீப்பாய்தான்" என்றான் ஆர்லிஸ், தரையைப் பார்த்தபடி.

"சண்டையை அப்புறமா போட்டுக்கங்க" என்றாள் சின்டா. "பிள்ளை விறைக்குது."

அவன் ஊறலை வாளி வாளியாகச் சுமந்து வந்து, முட்டைக்கோஸ் ஊறவைக்கும் பீப்பாயில் ஊற்றி நிரப்பினான். சோளத் தவிடு மேலே திரண்டு ஆடை கட்டியது, அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டிருந்தது. ரொட்டி மாவு பிசையும் மரத்தொட்டியில் குழந்தையைப் படுக்கவைத்து, சின்டா அந்த ஆடையின் மேல் மிதக்கவிட்டாள். சிறிது நேரத்தில் குழந்தையின் உதடு சிவந்தது. வெளியே எடுத்தார்கள், வெளுத்தது. திரும்ப வைத்தார்கள், அழுதது. நான்காம் நாள் ஆடை உள்ளே இறங்கி ஊறல் அடங்கத் தொடங்கியபோது குழந்தையும் அடங்கத் தொடங்கியது. ஆர்லிஸ் அலறியடித்துக்கொண்டு இரண்டாவது பீப்பாய் போட்டான். அந்தச் சண்டை கடைசிவரை போடப்படவில்லை.

பேறுகாலப் படுக்கையிலிருந்து எழுந்ததும் டெல்ஃபாவே ஊறல் போடக் கற்றுக்கொண்டாள். கொரகொரப்பாக அரைத்த மாவில் கொதிநீர் ஊற்றித் துடுப்பால் கிண்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முளைகட்டிய சோளத்தை நசுக்கிப் போட்டு, பழைய ஊறலில் ஒரு குவளை கலப்பாள். ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று பொங்கியாக வேண்டும். கேட்டவர்களிடம், "பொங்குற வரைக்கும் இது கூழு. அடுப்புல ஏத்தி வடிச்சாத்தான் சாராயம்" என்பாள். அடங்கியதைப் பன்றிகளுக்கு ஊற்றிவிடுவாள். நேப்பியர் வீட்டுப் பன்றிகள் பாதையின் குறுக்கே படுத்துக் குறட்டை விட்டதால், நாங்கள் ஓடைக்குள் இறங்கிச் சுற்றிப் போவோம். கண்டிக்க வந்த போதகர் முதலில் பீப்பாயில் காதை வைத்துக் கேட்டார், பிறகு குழந்தையின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இரண்டிலும் ஒரே சத்தம். அந்த வருடம் முழுக்க அவர் மதுவைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை.

ஓமா வளர்ந்தாள். பள்ளிக்கும் கோயிலுக்கும் பன்றிக்கொழுப்பு வாளி ஒன்றில் ஊறலை நிரப்பி, சால்வைக்குள் அணைத்துக்கொண்டு போவாள். ஊறல் இளசாக இருக்கும் நாட்களில் சிரித்துக்கொண்டே இருப்பாள். புளிப்பு ஏற ஏறக் கடுகடுப்பாள். அவளிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் எந்த நாளில் கேட்பது என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு கட்டத்தில் பன்றிகள் மெலிந்தன. அவை நேராக நடப்பதைப் பார்த்ததுமே, அடங்கிய ஊறல் எங்கே போகிறதென்று டெல்ஃபாவுக்குப் புரிந்துவிட்டது. ஆர்லிஸ் மலைமேல் பாறை மறைவில் செம்புக் கொப்பரை வைத்து வடிக்கிறான். ஆனாலும் அவளால் ஊறல் போடுவதை நிறுத்த முடியாது. அது அவனுக்கும் தெரியும்.

டெல்ஃபாவின் அண்ணன் டிலார்ட் மாவட்டக் காவல் துணை அதிகாரி. ஓமாவின் கதையை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. ஊறல் இல்லாமல் அவள் இருந்து அவன் பார்த்ததில்லை, பார்க்க யாரும் விட்டதுமில்லை. பெற்ற பிள்ளையைக் காட்டித் தங்கையை ஏமாற்றிச் சாராய வேலை வாங்குகிறான் என்றுதான் மச்சானைப் பற்றி எண்ணியிருந்தான். ஓமாவுக்குப் பதின்மூன்று வயதான குளிர்காலத்தில் மதுவிலக்குக்காரர்கள் மேலிடத்திலிருந்து வந்து வழி கேட்டபோது, தங்கையைக் கரையேற்றுவதாக நினைத்துக்கொண்டு, பட்டப்பகலில் தானே முன்னால் நடந்து கூட்டி வந்தான்.

ஆர்லிஸைக் கைவிலங்கிட்டு முற்றத்துப் பனியில் நிறுத்தினார்கள். டிலார்ட் கோடரியோடு அடுக்களைக்குள் நுழைந்தான்.

"அண்ணே, அடுப்போரம் இருக்கிற ஒண்ணை மட்டும் விட்டுடு" என்றாள் டெல்ஃபா.

"இத்தனை வருஷமா உன்னை முட்டாளாக்கியிருக்கான். நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குளிரலையா? கம்பளியைத்தானே போத்தினாங்க, பீப்பாயா வச்சாங்க?"

"ஒரு வாளி மட்டும் எடுத்துக்கறேன். ஒரே ஒரு வாளி."

"எடுத்தா உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நகரு."

பீப்பாய்களை உடைத்தான், ஓமாவின் வாளியையும் கவிழ்த்தான். மதுவிலக்குக்காரர்கள் ஆர்லிஸை இழுத்துக்கொண்டு ஓடையோரமாக இறங்கிப் போனார்கள். டிலார்டும் போயிருக்க வேண்டும், ஆனால் தங்கையிடம் நல்லபடியாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாமென்று நின்றான். ஓமா தரையில் மண்டியிட்டு, சிந்திக் கிடந்த ஊறலில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு, மாமா" என்றாள், அவனுக்கு ஆறுதல் சொல்வது போல. ஊறல் பலகை இடுக்குகள் வழியே வீட்டுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. டிலார்ட் தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினான். அவள் கைகளைத் தேய்த்தான். அவள் இமைமயிரில் உறைபனி படர்வதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. "டெல்ஃபா, என்ன செய்யணும்னு சொல்லு, டெல்ஃபா" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். புது ஊறல் பொங்க இரண்டு நாளாகும்.

கோடரிச் சத்தம் ஓடை நெடுகக் கேட்டிருந்தது. முதலில் வந்தவள் போதகரின் மனைவி. சால்வைக்கு அடியில் மூடி போட்ட வாளி இருந்தது. சட்டையில் காவல் வில்லையோடு வாசலில் நின்ற டிலார்டைப் பார்த்ததும், "இது எங்களுது இல்ல. யாரோ எங்க வாசல்ல வச்சுட்டுப் போயிருக்காங்க" என்றாள்.

"சரிம்மா. உள்ள போங்க" என்றான் டிலார்ட்.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும் அதையே சொன்னோம். எங்கள் ஒவ்வொருவர் வாசலிலும் யாரோ ஊறல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டிலார்ட் ஒவ்வொருவரிடமும் வாளியைக் கைநீட்டி வாங்கினான். அறுத்த பன்றியை மயிர் போகக் கொதிநீரில் முக்கும் தொட்டியில் எல்லாவற்றையும் ஊற்றி, ஓமாவை அதில் கழுத்துவரை கிடத்தினார்கள். மாலைக்குள் அவளுக்கு மூச்சு வந்தது. இடது கைக்கு மட்டும் சூடு திரும்பவே இல்லை. அந்தக் கை பட்ட பால் கோடையிலும் திரியாது என்பதால் பால் பானைகளைத் தூக்கி வைக்கும் வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது.

ஆர்லிஸ் அட்லாண்டா சிறையில் இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி இறந்துபோய்ப் பெட்டியில் வீடு திரும்பினான். டிலார்ட் அதற்கு வெகு முன்பே வில்லையை நீதிமன்ற மேசையில் வைத்துவிட்டு, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தங்கை வீட்டு லாயத்துக்கு வந்துவிட்டான். டெல்ஃபா அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சோளம் அரைப்பதும், ஊறல் கிண்டுவதும், இரவும் பகலும் ஆடையைப் பார்த்துக்கொள்வதும் அவன் வேலையாயின. மதுவிலக்கு வந்தது போலவே போனது. அடுத்த உலகப் போரும் வந்தது. அண்ணனும் தங்கையும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று வேலை செய்தார்கள். பேச்சு மட்டும் ஓமா வழியாகத்தான்.

"மாமா, மாவு ரொம்ப நைசாப் போயிடுச்சாம். அம்மா சொல்றாங்க."

"சரின்னு சொல்லு."

"சரிங்கிறாரும்மா."

"உன் கல்யாணத்தைப் பத்தி யாராச்சும் யோசிக்கிறாங்களான்னு கேளு" என்று டிலார்ட் ஒருமுறை சொன்னான். ஓமா அதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. கேட்டு வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் உண்டு. இடது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

போர் முடிந்த கோடையில் ஓடை பெருகிக் கிணறுகளில் கலந்தது. டைஃபாய்டு வந்தது. ஐந்து வீடுகளில் சாவு விழுந்தது, அதில் நேப்பியர் வீடும் ஒன்று. ஊறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுப்போரப் பீப்பாய் அன்றைக்கு நன்றாகவே பொங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் ஓமாவின் இடது கையைக்கூடச் சூடாக்கியது. "எனக்கு வேர்க்குதும்மா" என்றாள், பெரிய அதிசயத்தைச் சொல்வது போல. மறுநாள் காலையில் போய்விட்டாள். குழி வெட்டியது டிலார்ட்.

நான்கு நாளில் இறங்கியிருக்க வேண்டிய ஆடை இறங்கவில்லை. ஒரு வாரமாயிற்று, ஒரு மாதமாயிற்று. யாரும் மாவு போடவில்லை, முளைகட்டிய சோளமும் போடவில்லை. பீப்பாய் அதே சத்தத்தோடு பொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் டெல்ஃபா மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். டிலார்ட் வெறும் வாளியோடு உள்ளே வந்து பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றான். சொல்லி அனுப்ப நடுவில் ஆள் இல்லாததால் சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"இதைக் கொட்டிடட்டுமா?"

டெல்ஃபா கையிலிருந்த பீன்ஸை முழுக்க உரித்து முடித்தாள்.

"இருக்கட்டும்ணே" என்றாள். "அது பாட்டுக்குப் பொங்கிட்டு இருக்கட்டும்."

அவன் வாளியைக் கீழே வைத்தான். அவள் எழுந்து இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பீப்பாய் பொங்கியது, அவர்கள் வீட்டு அடுக்களைக்கு விறகு கொஞ்சம்தான் செலவாயிற்று.