கண்ணில் படாத கால்டர் ரென்

1994ஆம் வருஷம் பிப்ரவரி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, திருமதி வினிஃப்ரெட் ப்ரீஸ் டென்பரி பாலத்தின் மேல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் உட்கார்ந்தபடி மணிக்கு முப்பது மைல் வேகத்தில் போனார். பக்கத்தில் அதே உயரத்தில் அவருடைய கணவர் சிரில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். அவர்களுக்குப் பின்னால் இரண்டு முட்டைக்கோசும் ஒரு குடையும் அந்தரத்தில் வந்தன. தேவாலயம் விட்டு வீடு திரும்பிய ஏழெட்டுப் பேர் அதைப் பார்த்தார்கள். அன்றைக்குக் குளிர் கடுமையாக இருந்ததால் யாரும் நின்று விசாரிக்கவில்லை. மறுநாள் கான்ஸ்டபிள் மட்டும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தபடி போவதற்குத் தடை எதுவும் இல்லை, வேக வரம்பை மீறாதவரை சரி என்று சொல்லிவிட்டார்.

ப்ரீஸ் தம்பதிக்கு ஒரு வாரம் எதுவும் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு வண்டி எப்போதும்போல இருந்தது. 1956இல் வாங்கிய கால்டர் ரென், பச்சை நிறம், நாலு பேர் நெருக்கி உட்காரலாம். கால்டர் கம்பெனி மூன்றே வருஷம் நடந்து மூடியது. செய்த நாலாயிரத்துச் சொச்சம் வண்டிகளில் இது ஒன்று. ஊர்க்காரர்களின் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை. கைக்குத் தட்டுப்பட்டது, ஹார்ன் கேட்டது, பெட்ரோல் வாசனை அடித்தது. ரொட்டி வண்டி ஒன்று அதன்மேல் உரசி நின்ற பிறகு, வினிஃப்ரெட் ஒவ்வொரு முனையிலும் ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பும் பழக்கத்தை வைத்துக்கொண்டார். ஊரும் பழகிக்கொண்டது. எதற்குத்தான் ஊர் பழகவில்லை!

இதற்குக் காரணமானவர் மூன்று தெரு தள்ளி வசித்த நார்மன் ஹாட்கிஸ். பஸ் கம்பெனியில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தோரு வருஷமாக, சாலையில் மிச்சமிருக்கும் பழைய பிரிட்டிஷ் வண்டிகளைத் தேடிப் பார்த்துப் பதிவு செய்வதே அவருக்கு வேலை. அதே பைத்தியம் பிடித்த ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். உள்நாட்டு வண்டிகளுக்குச் சிவப்புப் புத்தகம், வெளிநாட்டில் பிழைத்துக் கிடப்பவற்றுக்கு நீலப் புத்தகம். இரண்டும் நார்மன் வசம். விதிகளும் அவர் எழுதியவைதான். பொதுச் சாலையில் நின்று பார்க்க வேண்டும். வண்டி தன் எஞ்சினில் ஓட வேண்டும். தொடக் கூடாது, சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும், காதால் கேட்டது செல்லாது. பன்னிரண்டு வருஷம் ஒரு மாடல் உறுப்பினர் யார் கண்ணிலும் படாவிட்டால் அதன் பெயருக்கு எதிரே 'இனி இல்லை' என்று எழுதி மூடுவார்கள். கல்கத்தாவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டை வேறு பெயரில் இன்னும் செய்கிறார்களே, அதை நீலப் புத்தகத்தில் சேர்க்கலாமா என்று இவர்கள் ஆறு வருஷம் சண்டை போட்டு, கூடாது என்று முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட ஆட்கள்.

கடைசி ரென்னைத் தேடி நார்மன் ஞாயிறுதோறும் ரயில் ஏறினார். பாலாடைக்கட்டி சாண்ட்விச்சும் ஃப்ளாஸ்கில் டீயுமாக வேல்ஸ், நார்ஃபக், ஸ்காட்லாந்தின் வடகோடி என்று மழையில் நின்றார். வினிஃப்ரெட்டின் ரென்னோ ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மட்டும் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே போகும். மற்ற நாட்களில் அவர் நடந்தே கடைக்குப் போவார். ரொட்டிக்கடைக்காரர் ஒரு தடவை, "ஹாட்கிஸ், ப்ரீஸ் வீட்டுப் பக்கம் ஒரு பச்ச வண்டி..." என்று ஆரம்பித்தார். நார்மன் கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாதீங்க. கேட்டதை எழுத முடியாது. கேட்டுட்டுப் போய்ப் பார்த்தா அது தேடினதாவும் ஆகாது." கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான். அந்த பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையின் பின்னறையில் சங்கம் கூடியது. மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் சாப்பிட்டு முடித்து, மூன்று பேர் கையெழுத்துப் போட, இரண்டு புத்தகத்திலும் நார்மன் எழுதினார்: கால்டர் ரென், இனி இல்லை. அப்போது மணி பன்னிரண்டரை. எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியது உண்மை.

ஏப்ரலில் சிரிலுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் மூன்று நாள், இருபத்திரண்டு மைல் தள்ளி வூஸ்டர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நோயாளிகளை ஏற்றிப் போகும் வேன் ஒன்று இருந்தது. ஆறு கிராமம் சுற்றி ஆறு பேரை ஏற்ற வேண்டியிருந்ததால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சிரில் போகும்போதும் வாந்தி எடுத்தார், வரும்போதும் வாந்தி எடுத்தார். மூன்றாவது தடவை இறங்கியதும் மனைவியிடம் சொன்னார்: "வின்னி, இனிமே இதுல ஏற மாட்டேன். இதுல போறதுக்கு நேரா கல்லறைக்கே போயிடறேன். அது பக்கம், நடந்தே போலாம்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று வினிஃப்ரெட்டுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து ரென்னில் கூட்டிப்போனார். அதில் சிரில் வாந்தி எடுக்கவில்லை. ஜன்னல் வழியே ஆப்பிள் தோட்டங்களைப் பார்த்து, எவன் கிளை வெட்டாமல் விட்டிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே போனார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை நார்மன் முட்டிவலிக்கு மருந்து வாங்கப் போய்ப் பாலத்தில் நின்றார். இருவர் அந்தரத்தில் உட்கார்ந்து கடந்து போனார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஊரில் கேள்விப்பட்டதுதான். ஆனால் மேட்டில் கியர் மாறியபோது ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது கியரில் பூனை அழுவதுபோல் அப்படி முனகுவது உலகத்தில் ஒரே வண்டிதான். நார்மன் மருந்துக் கடைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி, சிவப்புப் புத்தகத்தில் பிப்ரவரி ஆறாம் தேதியைப் புரட்டிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, வண்டியை மறைத்தது தான் எழுதிய 'இனி இல்லை'தான் என்று சொன்னார். வினிஃப்ரெட் கையில் உருளைக்கிழங்கும் கத்தியுமாகக் கேட்டார்.

"ஓடிட்டு இருக்கற வண்டிய இல்லன்னு எழுதினது நீங்கதானா? மூணு தெரு தள்ளி இருந்துக்கிட்டு! கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இருக்கறதில்லீங்க."

"எங்க போவீங்க?"

"இந்த வண்டியத் தேடித்தான்."

உள்ளேயிருந்து சிரில் சிரிப்பது கேட்டது. சிரித்துச் சிரித்து இருமினார். வினிஃப்ரெட் சிரிக்கவில்லை. செப்டம்பர் முப்பதாம் தேதி வண்டிக்கு எஃப்.சி. முடிகிறது, அதற்குப் பிறகு அதை எடுக்கவே முடியாது என்றார். ஒர்க்‌ஷாப் ட்ரெவரிடம் ஏற்கனவே கேட்டாகிவிட்டது. அவன் நல்ல பையன்தான், தடவிப் பார்த்தே பிரேக், டயர், ஸ்டீயரிங் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டான். "ஆனா அம்மா, நம்பர் பிளேட்ட பார்த்தேன்னு ஒரு இடத்துல கையெழுத்துப் போடணும். பார்க்காததுக்கு எப்படிப் போடறது? என் லைசன்ஸ் போயிடும்" என்றானாம். வேறு வண்டி வாங்க ஓய்வூதியத்தில் வழியில்லை. "வண்டி நின்னா சிரில் போறத நிறுத்திடுவான். நிறுத்தினா ரெண்டு வாரம்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க எழுதினத நீங்களே அடிங்க."

அடிப்பது அவ்வளவு சுலபமா? மூடிய பெயரைத் திறக்க ஒரே வழி, ஓர் உறுப்பினர் அந்த மாடலைக் கண்ணால் பார்த்து எழுதுவது. அந்த விதியும் நார்மன் எழுதியதுதான். அவர் மழைக்குக் காத்திருந்தார். டென்பரியில் மழைக்குப் பஞ்சமில்லை. மழை வண்டியின் மேல் விழுந்து தெறித்தபோது வளைந்த கூரையும் உருண்டை மூக்கும் தண்ணீரில் வரைந்ததுபோல் தெரிந்தன, அடியில் காய்ந்த தரை ஒரு பாய் அளவுக்கு நகர்ந்து போனது. பதினாறு படம் எடுத்துச் சங்கத்தில் வைத்தார். செயலாளர் டெஸ்மண்ட் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "அருமையான படம், நார்மன். ஆனா இது மழையோட படம், வண்டியோட படம் இல்ல" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. வண்டிமேல் பெயின்ட் ஊற்றிப் பார்க்கலாமா என்று நார்மன் வினிஃப்ரெட்டைக் கேட்டார். ஊற்றினால் பதிலுக்குக் கொதிக்கிற தண்ணீரை அவர்மேல் ஊற்றுவதாக வினிஃப்ரெட் சொன்னார்.

ஆகஸ்டில் மால்டாவுக்குப் போனார். அங்கே கோஸோ தீவில் ஒரு ரென் இருந்ததாகப் பழைய கடிதம் ஒன்று சொன்னது. வெளிநாட்டுச் சாலையில் பார்த்தாலும் பெயர் திறந்துவிடும். வெயில் மண்டையைப் பிளந்தது. பன்னிரண்டு நாள் முட்டி வீங்க வீங்க நடந்தார். மோரிஸ் மைனர் எழுபத்து மூன்று, ஹில்மன் இருபத்தொன்பது, ஒரு டிரையம்ஃப் கோழிக்கூண்டாக இருந்தது. வேறு சமயமாக இருந்தால் துள்ளியிருப்பார். இப்போது எழுதக்கூடக் கை வரவில்லை. பதின்மூன்றாம் நாள் ஒரு மேட்டுப் பாதையில் அந்தப் பூனை முனகல் கேட்டது. திரும்பினார். ஒரு விவசாயி ஒன்றரை அடி உயரத்தில் உட்கார்ந்து வந்தார், பின்னால் எட்டுக் கூடை தக்காளி அந்தரத்தில் வந்தது. நார்மன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். விவசாயி நிறுத்தி, என்ன சமாசாரம் என்று கேட்டார். நார்மன் மறைக்காமல் சொன்னார்.

"ஓ, பிப்ரவரிலேர்ந்து இப்படி ஆனதுக்கு நீங்கதான் காரணமா?" என்றார் விவசாயி. "எனக்காக ஒண்ணும் மாத்திடாதீங்க சாமி. போலீஸ்காரன் கை காட்டறதே இல்ல." நாலு தக்காளி கொடுத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் கடைசியில் சிரிலைப் பார்க்கப் போனபோது அவர் ஒரு குழந்தையின் எடைக்கு வந்திருந்தார். "மால்டால பொண்ணுங்க எப்படி?" என்று கேட்டார். நார்மன், தக்காளி நன்றாக இருந்தது என்றார்.  வினிஃப்ரெட் டீ கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார். வாசல்வரை வந்து, "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று நார்மனுக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து சிவப்புப் புத்தகத்தை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதில் பதினோராயிரம் பதிவுகள். ஒன்றுகூடப் பொய் இல்லை. மனைவி ஜீன் 1979இல் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பாமலே இருந்தபோது, 'உங்க புத்தகத்துல இருக்கற நிஜம் போதும் உங்களுக்கு' என்று எழுதியிருந்தாள். மனுஷனுக்குப் பெருமை என்று வேறெதுவும் இல்லை. பகல் இரண்டு மணிக்குப் பேனாவை எடுத்து எழுதினார்: கால்டர் ரென், பச்சை, டென்பரி பாலம். கண்ணால் பார்த்தேன். மை காய்வதற்குள் பேனாவிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதை ஒற்றி எடுத்தார்.

மறுநாள் காலை ட்ரெவரின் ஒர்க்‌ஷாப் வாசலில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். ட்ரெவர் ஓடி வந்தான். "ஹாட்கிஸ் ஐயா, பார்த்தீங்களா? என்ன பச்ச! பட்டாணி மாதிரி! அந்த முன்பக்க மட்கார்டு, அந்தக் குரோமியம்... பாஸ் பண்ணிட்டேன், ஒரு வைப்பர்தான் மாத்தணும்!" ஜனங்கள் வளைத்து வளைத்துப் பார்த்தார்கள், ஒருவர் குனிந்து குரோமியத்தில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டார். நார்மனும் பார்த்தார். வினிஃப்ரெட் ஒன்றரை அடி உயரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். அவருக்குக் கீழே எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரை முழுசாகத் தெரிந்தது. நார்மன் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சிமென்ட் தரைதான். "அழகா இருக்கு" என்றார். இரண்டாவது பொய் முதல் பொய்யளவு கஷ்டமாக இல்லை.

அதன் பிறகு ரென்னைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். சங்கம் நார்மனுக்கு வெண்கலத்தில் ஒரு பதக்கம் அடித்துக் கொடுத்தது. ரென்னின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்து, சட்டம் போட்டும் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் தான் மட்டும் ஒரு வெற்றுச் சாலையில் கையை அந்தரத்தில் வைத்து நிற்பதை அவர் சமையலறையில் மாட்டிக்கொண்டார். புத்தகங்களை டெஸ்மண்டிடம் ஒப்படைத்துவிட்டார். முட்டி வலி என்று காரணம் சொன்னார், அது பாதி உண்மை. திங்கள், புதன், வெள்ளி காலையில் மட்டும் பாலத்துக்குப் போவார். இருவர் உட்கார்ந்தபடி போவார்கள், சிரில் ஏதோ தோட்டத்தைத் திட்டிக்கொண்டு கை உயர்த்துவார். மூன்று வருஷமும் நாலு மாதமும் இப்படியே போயின. 1998 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை யாரும் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அடக்கத்துக்கு நார்மன் போனார், கடைசி வரிசையில் நின்றார்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை வினிஃப்ரெட் மட்டும் பாலத்தில் வந்தார். நார்மனுக்கு எதிரே வண்டி நின்றது, எஞ்சின் முனகியது.

"ஏறுங்க. எத்தன வருஷம் இப்படி நின்னு நின்னு பார்ப்பீங்க? லட்லோ சந்தைக்குப் போறேன், தனியாப் போகப் பிடிக்கல."

நார்மன் நகரவில்லை. "எனக்கு வண்டி தெரியாதுங்க" என்றார்.

"என்ன தெரியாது?"

"கண்ணுக்குத் தெரியல. எப்பவுமே தெரிஞ்சதில்ல. பார்க்காமலே பார்த்தேன்னு எழுதினேன். எழுதினதுலேர்ந்து ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்குத்தான் தெரியல."

வினிஃப்ரெட் எஞ்சினை அணைத்தார். பின்னால் வந்த பால் லாரி நின்றது, ஹார்ன் அடிக்கவில்லை. 

"அந்தப் பொய்யில என் சிரில் மூணு வருஷம் சொச்சம் ஜன்னல் பக்கம் உக்காந்து போனான்" என்றார். "கதவு உங்க வயித்துக்கு நேரா இருக்கு. கைப்பிடிய கீழ அமுக்கி இழுங்க. மெதுவா, தலை இடிக்கும்."

இடித்தது. நார்மன் காற்றைத் தடவி, குளிர்ந்த இரும்பைப் பிடித்து, எதுவுமில்லாத இடத்தில் மெல்ல உட்கார்ந்தார். அவர் ஷூவுக்கு அடியில் சாலை ஓடத் தொடங்கியது. முதல் ஒரு மைல் காலைத் தூக்கியே வைத்திருந்தார், பிறகு இறக்கிவிட்டார். இப்போது வியாழக்கிழமைதோறும் போகிறார்கள். முட்டைக்கோசின் விலையைப் பற்றியும் முட்டியைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். கடைசி ரென் எப்படி இருக்கும் என்று வெளியூர்ப் பைத்தியங்கள் நார்மனைக் கேட்பதுண்டு. பச்சை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், உட்கார நன்றாக இருக்கும் என்பார்.