நான்காம் அத்தியாயத்து மை

ஆய்வேட்டைச் சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இனிமேல் தவணை கிடையாது என்று பேராசிரியர் சில்வெஸ்டர் சொல்லிவிட்டார்.

"பாரிஸ்ல இருக்கிற எக்ஸாமினர் இந்த நாலாவது சாப்டரைத் திறந்த உடனே மூடிடுவார்ப்பா. ஒரே மை. பிளேடால சுரண்டிட்டு நீயே திரும்பப் போட்டுடு."

பாண்டிச்சேரித் தமிழர்கள் பிரெஞ்சில் எழுதிய கவிதைகளைப் பற்றியது என் ஆராய்ச்சி. கல்லூரி டைப்ரைட்டர் ஆங்கிலத்துக்கானது. பிரெஞ்சு எழுத்துகளின் தலைமேல் வரும் குறிகள் அதில் இல்லை. டைப் அடித்த பிறகு ஒவ்வொரு பிரதியிலும் மையைத் தொட்டுக் கையால் போட வேண்டும். பெங்களூரில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். என் பிரதிகளுக்குப் போட்டவள் ஜூடித், என் மனைவி.

அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் எழுதி வைத்ததைப் பார்த்துப் போடுவாள். சாய்ந்த கோட்டுக்கு மூக்குத்தி என்று பெயர் வைத்திருந்தாள். கூம்பாக இருப்பது கூரை.

"உங்க வெள்ளைக்காரனுக்கு மூக்குத்தி மாட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுடும்" என்பாள்.

நரைக்கவில்லை. மழைக்காலத்தில் டைபாய்டு வந்தது.

நான்காம் அத்தியாயத்துக்குப் படுக்கையில் சாய்ந்தபடி போட்டாள். ஒவ்வொரு குறியும் பிசிறி, பக்கத்து எழுத்தின்மேல் கசிந்தது.

"நிப்பு சரியில்லைங்க" என்றாள்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் அவள் தங்கை பிரிஜெட் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "ஜுரத்துல உன் கை நடுங்குது. பழி நிப்பு மேலயா? படு அக்கா."

"என் கை எனக்குத் தெரியாதாடி?"

டாக்டர் அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பலவீனம் என்றார். நான் போர்வையை இழுத்துவிட்டேன். மறு வாரம் அவளைப் புதைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை மேசையில் உட்கார்ந்து பிளேடை எடுத்தேன். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. மை நீலத் தூளாக வந்தது. ஊதினேன். அடுத்த பக்கம். அதையும் ஊதினேன். அவள் கையால் போட்டதை அழிக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மதியம் பிரிஜெட் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தாள். மேசையெல்லாம் தூள். ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கேரியரை வைத்தாள்.

"ஆறிடும் மாமா. சாப்பிட்டுட்டு செய்யுங்க."

"இதோ."

ஜூடித்தின் பேனாவை மையில் தொட்டு முதல் குறியைப் போட்டேன். பிசிறியது. பக்கத்து எழுத்தின்மேல் கசிந்தது. இரண்டாவதும் அப்படியே.

கையைத் தூக்கிப் பார்த்தேன். நடுங்கவில்லை. அவளை அடக்கம் செய்த அன்றுகூட அது நடுங்கவில்லை. பேனாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நிப்பின் நுனி பிளந்து, ஒரு பக்கம் மேலே மடங்கியிருந்தது.

பிரிஜெட் எட்டிப் பார்த்தாள். என் கையிலிருந்து பேனாவை வாங்கிக் காகித ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாள். அதுவும் பிசிறியது.

"அக்கா சொன்னாளே, மாமா."

"ஆமாம்."

"நான் நம்பலையே. நீங்களும்..." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல கடை திறந்திருக்கும். புது நிப்பு வாங்கியாரட்டுமா?"

"வேண்டாம்."

"இப்படியே போட்டா பரீட்சை பண்றவங்க ஒத்துப்பாங்களா?"

"மாட்டார்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். பேனாவைத் திரும்ப வாங்கி மையில் தொட்டேன்.

மூன்றாவது குறி. நான்காவது. சுரண்டிய இடத்திலெல்லாம் அதே கசிவு திரும்பி வந்தது. இருட்டுவதற்குள் எல்லாப் பிரதிகளையும் முடித்துவிட்டேன். கேரியரைத் திறக்கவே இல்லை.

சனிக்கிழமை சில்வெஸ்டர் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி புரட்டினார்.

"சுரண்டச் சொன்னேனே?"

"சுரண்டினேன், சார்."

"அப்புறம் என்னப்பா இது? இப்படியே அனுப்பினா திரும்பி வந்துடும். இத்தனை வருஷம் உழைச்சது போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும், சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உனக்கும் ஜுரமா? கை நடுங்குதா?"

"ஜுரம் இல்லை, சார்" என்றேன். "நிப்பு."